சும்மா பாட்டில்

இயக்குநர் நீட்டிய பேனா அந்தரத்திலேயே நின்றது. அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"ஒரே ஒரு வரிம்மா. நீங்க எழுதக்கூட வேண்டாம், நானே டைப் அடிச்சு வெச்சிட்டேன். கையெழுத்து மட்டும் போட்டா போதும்."

கண்ணாடி மேசையின் மேல் அந்தத் தாள் கிடந்தது. 'மாதிரி நீர் எடுக்கப் பயன்படுத்திய பாட்டில்களில் மாசு இருந்திருக்கலாம் என்பதால், பாஸ்பேட் அளவுகளைக் கருத்தில் கொள்ள வேண்டாம்.' அவள் மூன்று முறை படித்துவிட்டாள். படிக்கப் படிக்கக் காது மடல் சூடானது.

"என் பாட்டில் அழுக்குன்னு நானே எழுதிக் குடுக்கணும்."

"அழுக்குன்னு யாரு சொன்னா? மாசு. அதுவும் 'இருந்திருக்கலாம்'. யார் மேலயும் பழி விழாது பாருங்க."

"இருபத்திரண்டு மாசம் சார். மாசாமாசம் படகுல போய் தண்ணி மொண்டுட்டு வந்திருக்கேன். நீங்க ஒரே ஒரு தடவை கூட வந்திருக்கீங்களா?"

"கடல் எனக்கு ஒத்துக்காதும்மா. உங்களுக்குத் தெரியாததா?" என்றார் அந்தக் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர், வெட்கமே இல்லாமல். அவருக்குப் பின்னால் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்கு அலை எழும்பிக்கொண்டிருந்தது. காலண்டர் படம்.

பேனாவை மேசையில் வைத்தார். குரலை இறக்கினார். "நாளைக்குப் பதினோரு மணிக்கு விசாரணைக் குழு உக்காருது. ரெண்டாவது கழிவுக் குழாய்க்கு அனுமதி கெடைச்சா மீன்தூள் ஆலைக்காரங்க நமக்குப் புதுப் படகு வாங்கித் தர்றாங்க. குளிர்பெட்டி, ஆய்வு மேசை எல்லாம் வெச்ச படகு. யாருக்கு? உங்களுக்குத்தான். ஊர்ல உள்ளவன் எல்லாம் உங்களைப் பாட்டில் டாக்டர்னு கிண்டல் பண்றான். கப்பல் டாக்டர்னு சொல்ல வேண்டாமா?"

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. தூக்கி நிறுத்தவில்லை.

"என் பாட்டிலை எப்படிக் கழுவுறோம்னு ஒண்ணு விடாம எழுதி நாளைக்குக் குழு முன்னாடி வைக்கிறேன். எந்த இடத்துல மாசு சேருதுன்னு நீங்களே எழுந்திரிச்சுக் காட்டுங்க."

கதவைச் சாத்தினாள். சாத்தினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. வெளியே உட்கார்ந்திருந்த உதவியாளரின் மேசையில் பேப்பர் வெயிட் குதித்தது.

படி இறங்கும்போதே மனசுக்குள் அந்தக் குழுவை உட்காரவைத்து வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டாள். இருபது வருடமாக அவள் படித்ததும் பாடுபட்டதும் ஒரே ஒரு சக்கரத்துக்காக. கடலின் மேல்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தின்று வளர்கின்றன. செத்து மூழ்குகின்றன. அடிச்சேறு அவற்றைச் செரித்து, உரமாக்கித் திரும்ப மேலே அனுப்புகிறது. மேலே போவதும் கீழே வருவதுமாகச் சுற்றும் இந்தச் சக்கரத்தில்தான் கடலின் அத்தனை உயிரும் தொங்கிக்கொண்டிருக்கிறது. அளவோடு சுற்றும்வரை சரி. யாராவது ஒரு குழாயைப் போட்டு மேலும் மேலும் உரத்தைக் கொட்டினால் பாசி வெறிபிடித்து வளரும். அழுகும். அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை எல்லாம் குடித்துவிடும். மூச்சுத் திணறிய சேறோ, தான் பிடித்து வைத்திருந்த பாஸ்பேட்டையும் கக்கிவிடும். அதைத் தின்று இன்னும் பாசி. ஓடத் தெரிந்த மீன் ஓடிப் போகும். ஓடத் தெரியாத மட்டிச் சிப்பி, இருந்த இடத்திலேயே வாயைப் பிளந்து சாகும். மீன்தூள் ஆலை இந்த வளைகுடாவில் குழாய் இறக்கி இரண்டு வருடம். மட்டி சாகத் தொடங்கியும் அதே இரண்டு வருடம். நடுவில் சாட்சி சொல்ல அவளிடம் இருந்தது ஒரே ஓர் எண் வரிசை: மாதம் பன்னிரண்டு பாட்டில், இருபத்திரண்டு மாதம். பாஸ்பேட் அளவு ஏணிப்படி போல ஏறியிருந்தது.

கழுவும் அறை கட்டடத்தின் பின்புறம், ஜெனரேட்டரைத் தாண்டி. கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. மறுபடியும் தள்ளினாள். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இழுக்கணும் மேடம்!"

அவளுடைய அண்ணி. அண்ணன் போய் நான்கு வருடம் ஆகிறது. அவன் போன ஆறாம் மாதம், அவள்தான் நாலு பேர் காலைப் பிடித்து இந்த ஒப்பந்த வேலையை வாங்கிக் கொடுத்தாள். பத்தாம் வகுப்புவரை படித்த அண்ணிக்குச் சுத்தம் என்றால் உயிர். யார் வீட்டில் டம்ளர் கொடுத்தாலும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள். இதற்காகவே சொந்தக்காரர்கள் பாதிப்பேர் அவளோடு பேசுவதில்லை. பாட்டில் கழுவ இவளைவிடப் பொருத்தமான ஆள் பூலோகத்தில் கிடையாது என்று அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. வேலை இடத்தில் அண்ணி அவளை 'மேடம்' என்றுதான் கூப்பிடுவாள். வீட்டில் 'பாப்பா'. நாற்பத்து நாலு வயதுப் பாப்பா.

"அண்ணி, உக்காருங்க. பாட்டிலை எப்படிக் கழுவுறீங்கன்னு முதல்ல இருந்து சொல்லுங்க. நான் எழுதணும். அந்த ஆளு மூஞ்சில விட்டெறியணும்."

அண்ணி உட்காரவில்லை. புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பரீட்சை ஒப்பிக்கும் பிள்ளைபோல நிமிர்ந்து நின்றாள். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. இவ்வளவு நாளில் இதை யாரும் அவளிடம் கேட்டதே இல்லை.

"முதல்ல பழைய தண்ணியக் கொட்டிடுவேன். ஒட்டியிருக்கிற லேபிளை நகத்தால சுரண்டி எடுப்பேன். அப்புறம் குழாத் தண்ணியில மூணு தடவை."

"மூணு தடவை," என்று எழுதினாள்.

"அப்புறம் வாளியில வெந்நீர் ஊத்தி, சோப்புத் தூள் ஒரு பிடி போட்டு, பாட்டிலு, மூடி எல்லாத்தையும் அமுக்கி ஒரு ராத்திரி ஊற..."

பேனா நின்றது.

"என்ன போட்டு?"

"சோப்புத் தூளு."

"ஆசிட் அண்ணி. ஆசிட்லதான ஊறப் போடணும்?"

"ஆசிட் எங்க இருக்கு?" அண்ணி அலமாரியைக் கைகாட்டினாள். மேல்தட்டில் மூன்று பெரிய பழுப்புப் புட்டிகள் வரிசையாக நின்றன. மூன்றும் கழுவிக் கவிழ்த்து, பளபளவென்று, காலியாக. "அது தீர்ந்து ரெண்டு வருசம் ஆகப்போகுதே."

பாஸ்பேட்டைச் சாயத்தால் காட்டும் சோதனை மருந்துகள் அவளுடைய ஆராய்ச்சித் திட்டத்தில் நேராக வந்துவிடும். கழுவுகிற ஆசிட் மட்டும் நிறுவனத்தின் பொதுச் சாமான். இயக்குநர் கையெழுத்து வேண்டும். அவள் எழுதிக் கேட்டாள். ஒரு முறையல்ல, ஆறு முறை. ஆறு முறையும் 'அடுத்த ஆண்டு பார்க்கலாம்' என்ற பச்சை மைக் குறிப்போடு தாள் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். பாட்டில்கள்தான் மாதாமாதம் கண்ணாடிபோல் வந்துகொண்டிருந்தனவே. பக்கத்து ஆய்வகத்தில் அண்ணி கடன் வாங்கிச் சமாளிக்கிறாள் என்று அவளே நினைத்துக்கொண்டாள். நினைத்ததோடு சரி. இழுக்க வேண்டிய கதவைத் தள்ளிக்கொண்டு நின்ற தன் கையை இப்போது பார்த்தாள்.

சோப்புத் தூளில் பாஸ்பேட் இருக்கும். கடலில் மூன்று முறை அலசித்தான் பாட்டிலை நிரப்புவார்கள், உண்மை. ஆனால் மூடிக்குள்ளே, தண்ணீர் கசியாமல் இருக்க வெள்ளையாக ஒரு பஞ்சு வட்டம் ஒட்டியிருக்கும். ராத்திரி முழுக்க ஊறினால் அது வயிறு நிறையச் சோப்பைக் குடித்து வைத்துக்கொள்ளும், மாதத்துக்கு மாதம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. அலசினால் போகாது. பிறகு மெதுவாக, சொட்டுச் சொட்டாக...

"இல்ல. இருக்காது," என்றாள் உரக்க. "அப்படியிருந்தா பிளாங்க்ல தெரிஞ்சிருக்கும்!"

பிளாங்க் பாட்டில் என்பது அவர்கள் தொழிலின் காவல்நாய். உள்ளே சுத்தமான காய்ச்சி வடித்த தண்ணீரை நிரப்பி, மற்றப் பாட்டில்களோடு சேர்த்துக் கடலுக்குக் கொண்டுபோய், திறக்காமலே திரும்பக் கொண்டுவந்து சோதிப்பார்கள். பாட்டிலில் ஏதாவது கோளாறு இருந்தால் அந்தத் தண்ணீரிலும் சாயம் ஏறிக் காட்டிக்கொடுத்துவிடும். இருபத்திரண்டு மாதமும் அவளுடைய பிளாங்க் சுத்தம். அந்தத் தெம்பில்தான் நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்திருந்தாள்.

"பிளாங்க்னா... அந்தச் சும்மா பாட்டிலா?"

அண்ணி அதற்கு வைத்திருந்த பேர் அது. சும்மா போய்விட்டுச் சும்மா வருகிற பாட்டில்.

"அதையும் சோப்புல போட்டீங்கதானே அண்ணி? மத்ததோட சேர்த்து?"

"அதை எதுக்குச் சோப்புல போடணும்?" அண்ணிக்கு உண்மையிலேயே புரியவில்லை. "அதுல இருந்தது நல்ல தண்ணிதானே? கடல்தண்ணி பட்டதில்ல, ஒண்ணும் பட்டதில்ல. சும்மா அலசிட்டுத் தனியா எடுத்து வெச்சிடுவேன்."

ஜெனரேட்டர் எங்கோ உறுமத் தொடங்கியது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். திருடனைப் பிடிக்கக் கட்டிப்போட்ட நாயை, பாவம் நல்ல நாயாயிற்றே என்று அவிழ்த்து வீட்டுக்குள் படுக்கவைத்த கதை. படித்தவர்கள் எவரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். நியாயமாக யோசிக்கிறவர்களால் மட்டுமே செய்ய முடிகிற தப்பு.

எதற்கும் பார்த்துவிடுவோம் என்று இரண்டு பாட்டில்களை மேலே ஆய்வகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள். ஒன்று சோப்பில் ஊறியது. இன்னொன்று சும்மா பாட்டில். இரண்டிலும் காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றி, மூடி, தலைகீழாகக் கவிழ்த்து மதியம்வரை வைத்தாள். பிறகு இரண்டு சோதனைக் குழாய்களில் எடுத்து மருந்தை விட்டாள். பாஸ்பேட் இருந்தால் நீலம் வரும். எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நீலம். பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது கணக்கு. ஐந்தாவது நிமிடத்திலேயே முதல் குழாய் நீலச் சொக்காய் போட்டுக்கொண்டு நின்றது.

இருபத்திரண்டு மாதம். இருநூற்று அறுபத்து நாலு எண்கள்.

அந்தத் தாளில் இருந்த வரி ஞாபகத்துக்கு வந்தது. பொய் சொல்வதற்காகவே உட்கார்ந்து எழுதிய ஒரு மனிதன், தனக்கே தெரியாமல் உண்மையை எழுதிவிட்டான். இனி அவள் உண்மை பேச வேண்டும் என்றால் அந்த ஆளின் வாக்கியத்தைத்தான் பேச வேண்டும். ஆசிட் தராதவன் அவன். பாட்டில் அழுக்கு என்று எழுதுகிறவனும் அவன். படகில் வாந்தி எடுத்தவள் மட்டும் அவள்.

பேசாமல் இருந்துவிட்டால்? அண்ணிக்கும் அவளுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. ஆலைதான் கொட்டுகிறது, சந்தேகமே இல்லை. மட்டி சும்மாவா செத்தது? நாளைக்குப் போய் அதே ஏணிப்படியை நீட்டினால் குழு நம்பிவிடும். அந்த யோசனை எவ்வளவு சுலபமாக, செருப்பைக் கூடக் கழற்றாமல், உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது என்பதைப் பார்த்து அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

அண்ணி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நீலக் குழாயைப் பார்த்தாள். படிப்பு வேண்டியிருக்கவில்லை, புரிந்துவிட்டது.

"என்னாலயா?"

"ஏன் அண்ணி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" கத்திவிட்டாள். பக்கத்து அறையில் பேச்சு நின்றது. "சோப்புப் போடுறேன்னு ஒரு வார்த்தை! ரெண்டு வருசம்! என் இருபது வருசப் பேரு..."

"மெதுவாக் கத்து பாப்பா." அண்ணியின் குரல் உயரவில்லை. 'மேடம்' போய்விட்டது. "ஆசிட் இல்லன்னு மூணு வாரம் உன் பின்னாடியே வந்தேன். ஒரு நாள் நீ கம்ப்யூட்டரை விட்டுத் திரும்பாமலே சொன்ன, 'எப்படியாவது பாத்துக்கங்க அண்ணி'ன்னு. எப்படியாவது பாத்துக்கிட்டேன். அந்தத் தூளு நானே என் கைக்காசுல வாங்கினது. மணம் இல்லாததாப் பாத்து வாங்கினேன், உன் தண்ணிக்கு ஆகாதோன்னு."

அவளுக்குத் திட்டுவதற்கு வேறு யாராவது கிடைத்தால் தேவலை போலிருந்தது.

"என்னைத் திட்டு. அடிக்கணும்னா அடி. ஆனா உங்க அண்ணன் போனதுக்கப்புறம் கெடைச்ச வேலை இது. நாளைக்கு அந்த ஆளு என்னை வெளியே போன்னு சொல்லிடுவான்ல?"

"சொல்லுவான்."

"அப்ப நீ எழுதப் போறியா?"

அவள் நீலக் குழாயைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தாள்.

"எழுதணும் அண்ணி."

அண்ணி முந்தானையை அவிழ்த்து, உதறி, மறுபடியும் இறுக்கிச் செருகினாள். "சரி. எழுதுறதை எழுது. நாளைக்குக் காலையில புதுசாத் தண்ணி எடுத்துட்டு வர முடியுமா முடியாதா, அதை முதல்ல சொல்லு."

"எடுக்கலாம். பாட்டில் கழுவ ஆசிட் வேணுமே?"

"ஆசிட்டா இல்ல இந்த ஆபீஸ்ல?" அண்ணி சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை அது. "ரெண்டாம் மாடியில அவரு கக்கூஸ் இருக்கு பாரு, பளிங்குக் கல்லு போட்டது. அதுக்கு மாசாமாசம் ரெண்டு கேன் வருது. ஒரு மாசம் தவறினதில்ல."

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கண் கலங்கும் அளவுக்குக் கோபம். இரண்டாம் மாடிக் கழிப்பறைக்கு அவளே போனாள். நட்ட நடுப்பகலில், எல்லாரும் பார்க்க, இரண்டு கேன்களையும் இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு இயக்குநர் அறை வாசல் வழியாகவே இறங்கி வந்தாள். கேனைத் திறந்து கொஞ்சம் எடுத்துச் சோதித்தாள். பாஸ்பேட் கலந்த சரக்கு இல்லை. கழிப்பறைக்கு அனுப்பும்போது நல்லதாகப் பார்த்துத்தான் அனுப்பியிருந்தார்கள். சாயங்காலம்வரை இருவரும் கழுவும் அறையில் நின்றார்கள். பதின்மூன்று மூடிகளிலிருந்தும் பஞ்சு வட்டத்தை இடுக்கியால் நோண்டிப் பிய்த்து எறிந்தார்கள். பதின்மூன்று பாட்டில்களும் ஆசிட்டில் மூழ்கின. பதின்மூன்றாவது, சும்மா பாட்டில்.

"இதுவுமா?" என்று அண்ணி கேட்கவில்லை. தானே எடுத்துப் போட்டாள்.

காலை ஐந்தரைக்குப் படகுத்துறையில் வெளிச்சம் சாம்பலாகத்தான் இருந்தது. படகோட்டி, இருபத்திரண்டு மாதமும் அவளை ஏற்றிச் சென்றவர், எஞ்சினைக் கிளப்பிவிட்டு வழக்கம்போல ஆரம்பித்தார்.

"இன்னைக்குத்தான விசாரணை? நல்லாப் போடு போடுங்க டாக்டரம்மா. எங்க வீட்டுக்காரி நேத்தே புதுப்புடவை எடுத்து வெச்சிட்டா, குழு முன்னாடி பேசணும்னு. மட்டி பொறுக்குறவ பேச்சை யாரு கேப்பான்னேன். டாக்டரம்மா நம்பர் இருக்குய்யாங்கிறா."

அவள் சொன்னாள். சுற்றி வளைக்காமல், சோப்பு, மூடி, சும்மா பாட்டில் எல்லாம். சொல்லி முடித்தபோது குழாய் விழும் இடம் வந்திருந்தது. அவர் எஞ்சினை நிறுத்தினார். படகு அலையோடு ஆடியது. நுரை தட்டிய தண்ணீரிலிருந்து அழுகல் வாடை வந்தது.

"அப்ப நாங்க ரெண்டு வருசமாச் சொல்லிட்டு அலையிறது பொய்யா?"

"மட்டி செத்தது பொய்யில்லண்ணே. என் நம்பர்தான் பொய்."

"எங்ககிட்ட நம்பரா இருந்துச்சு? நாத்தம்தான் இருந்துச்சு. மோந்து பாருய்யான்னு சொன்னா எவனும் வரல. நீங்கதான் வந்தீங்க, எண்ணிக் காட்டுறேன்னு." அவர் கடலில் காறித் துப்பினார். "ஒரு மூடியைத் தொறந்து பாக்க நேரம் இல்லாமப் போச்சா உங்களுக்கு?"

"இல்லாமப் போச்சு."

அவர் பாட்டில் பெட்டியை அவளை நோக்கித் தன் காலால் தள்ளினார். கையால் எடுத்துக் கொடுக்கவில்லை. அதுவரைக்கும் ஒருமுறைகூட அவர் அப்படிச் செய்ததில்லை.

குழாய் வாயில் நான்கு பாட்டில். மட்டித் திட்டின் மேல் நான்கு. வெளிக்கடலில், தண்ணீர் கறுத்து ஆழம் தெரியும் இடத்தில், நான்கு. ஒவ்வொன்றையும் மூன்று முறை அலசி நிரப்பினாள். வாந்தி வந்தது, படகின் மறுபக்கம் போய் எடுத்துவிட்டு வந்து மூடியைத் திருகினாள்.

ஒன்பதரைக்கு இயக்குநர் அறை. தன் கையால் எழுதிய கடிதத்தை அவள் மேசையில் வைத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பத்தியைப் படித்தார். முகம் விரிந்தது.

"அடடா! 'இருந்திருக்கலாம்'கூட இல்ல. 'இருந்தது'ன்னே எழுதிட்டீங்களே! எனக்குத் தெரியும்மா, நீங்க விவரமானவங்க." மணியை அழுத்தக் கை போனது. "ரெண்டு டீ..."

"ரெண்டாவது பத்தியையும் படிங்க சார்."

கை மணிமேலேயே நின்றது. 'கழுவுவதற்கான ஆசிட் இருபத்திரண்டு மாதங்களாக வழங்கப்படாததால் பாட்டில்கள் சோப்புத் தூளில் கழுவப்பட்டன. ஆறு முறை எழுத்து மூலம் கேட்டும் மறுக்கப்பட்டது. ஆறு தாள்களின் நகலும் இணைக்கப்பட்டுள்ளன. கழுவும் முறையை நேரில் சரிபார்க்காதது முழுக்க என் தவறு.' கீழே அவள் கையெழுத்து.

"இந்தப் பத்தி வேண்டாம்."

"ரெண்டும் சேர்ந்துதான் சார் ஒரு கடிதம்."

"பாட்டிலைக் கழுவினது யாரு?" கண்ணாடியைக் கழற்றினார். குரலில் இருந்த 'ம்மா' காணாமல் போயிருந்தது. "உங்க அண்ணிதானே? சொந்தக்காரியை வேலைக்கு வெச்சுக்கிட்டு, ஆராய்ச்சியைக் கெடுத்துட்டு, பழியைத் தூக்கி என் மேசையில வைக்கிறீங்க? ஒப்பந்த ஆளு. இன்னைக்குச் சாயங்காலம் அந்தம்மா இங்க இருக்காது. யோசிச்சுக்குங்க."

"அவங்க பேரு இதுல இல்ல. கையெழுத்து என்னுது. அனுப்பணும்னா என்னை அனுப்புங்க." கடிதத்தை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். "அப்புறம் சார், உங்க கக்கூஸ் ஆசிட் ரெண்டு கேனையும் நான்தான் எடுத்தேன். திருட்டுன்னு எழுதணும்னா அதையும் எழுதுங்க. ஆனா எதுக்கு எடுத்தேன்னும் சேர்த்து எழுதணும். இதோட இன்னொரு நகல் குழுத் தலைவர் கைக்கு இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும்."

அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. நேரம் இல்லை.

ஆய்வகத்தில் அண்ணி எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தாள். மரத் தாங்கியில் பதின்மூன்று குழாய்கள், சன்னலோரம். அவள் ஒவ்வொன்றிலும் அளந்து மருந்தை விட்டுக்கொண்டே போனாள். சுவர்க் கடிகாரம் பத்து பத்து காட்டியது. ஒரு நாள் தண்ணீரை வைத்து இரண்டு வருடத்தைச் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஆலையின் வக்கீலும் அதைத்தான் சொல்லப் போகிறார். ஆனாலும் முதல் தண்ணீர் என்று ஒன்று எங்கேயாவது தொடங்க வேண்டுமே.

வாசலில் நிழல் தட்டியது. படகோட்டி. பக்கத்தில் புதுப்புடவையில் அவர் மனைவி. மட்டி ஓடு கிழித்த விரல்களால் புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்திருந்தாள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

"பாட்டிலு யாரு கழுவினது?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"நான்தான்," என்றாள் அண்ணி.

"இந்தத் தடவையாவது ஒழுங்காக் கழுவினியா?"

அண்ணி திரும்பிப் பார்த்தாள். நேற்றைக்கு அடக்கி வைத்திருந்தது எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது. நேராகப் போய், தாங்கியின் முதல் குழாயைத் தூக்கி, டம்ளரைப் பார்ப்பதுபோல வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். சும்மா பாட்டில் தண்ணீர். நான்கு பேரும் அதைப் பார்த்தார்கள். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. அண்ணி அதை அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திரும்ப வந்து தாங்கியில் வைத்தாள்.

பாக்கி பன்னிரண்டு. ஆறாவது நிமிடம். மேசைமேல் இருந்த தொலைபேசி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தது. படகோட்டி ஓர் அடி உள்ளே வந்து, குழாய்களின் மட்டத்துக்குக் குனிந்தார். "நீலமாத் தெரியுதே டாக்டரம்மா?" என்றார், தனக்குத்தானே பேசுவதுபோல.

"அது சன்னல்ண்ணே. வானம் தெரியுது. கொஞ்சம் நில்லுங்க."

அண்ணி மேசையில் கிடந்த தாள்களில் எழுதாத ஒன்றை உருவினாள். வானம் குறுக்கே வராதபடி அதைக் குழாய்களுக்குப் பின்னால் நிறுத்தி, இரண்டு கையாலும் விறைப்பாகப் பிடித்துக்கொண்டாள். வெள்ளைத் தாளுக்கு முன்னால் பன்னிரண்டு குழாய்கள் நின்றன. பத்தாவது நிமிடத்துக்கு இன்னும் நாலு நிமிடம் இருந்தது.